கண் திறக்கும் வேலை

“இது யாரோட கண்ணு, தாயி?”

தைலம்மாள் அப்படிக் கேட்டபோது ஜூடித் தலையைக் குனிந்துகொண்டாள். யார் என்ன கேட்டாலும் வாய் திறக்காமல் அப்படி நிற்பதுதான் அவள் வழக்கம். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் மதர் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இந்தப் பெண் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியதும் அதனால்தான். தைலம்மாளின் புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கியவன். மழைக்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஊரில் இருக்கிற மாமியாருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்று, குளிப்பாட்டிய பிணத்தை நாற்காலியில் சாத்தி, விழாமல் இருக்கத் துணியால் கட்டி, படம் எடுத்திருந்தார்கள். மூடிக் கிடந்த இமைகளின் மேல் திறந்த கண்களை வரைந்து கொடுத்தவள் ஜூடித். அந்தப் படத்தைத்தான் தைலம்மாள் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மூக்கு அவுகதான். மீசை அவுகதான். கண்ணு மட்டும் வேற யாரோ. இந்த ஆளு பார்க்கிறது எனக்குப் பிடிக்கலை, தாயி.”

படத்தை முகம் உள்ளே இருக்கும்படி முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் படக்கடை ரங்கூனின் கியாக்டடா பேட்டையில், சூலே பகோடாவின் பொன் முனை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சமாகத் தெரிகிற ஒரு சந்தில் இருந்தது. வைத்திருந்தவர் சூசைராஜ், ஜூடித்தின் தாய்மாமன். ரங்கூனில் செத்துப்போகிற தமிழ்க் கூலிகளுக்குப் படம் எடுப்பதென்றால் அவரிடம்தான் வருவார்கள். உயிரோடு இருக்கிறவன் மூக்கு பெரிசு, நிறம் கறுப்பு என்று சண்டைக்கு வருவான், செத்தவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை. கண் வரைவதற்கு அவர்கள் கண் திறப்பது என்று பெயர் வைத்திருந்தார்கள். கோயில் சிலைக்குச் சிற்பி செய்வதைப் போல அது கடைசி வேலை; அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஆள் மண்ணுக்குள் போய்விட்டான், அல்லது நெருப்புக்குப் போய்விட்டான் என்று உறவுக்காரர்கள் வந்து சொன்ன பிறகுதான் தூரிகையைத் தொட வேண்டும். முன்னாலேயே கண் திறந்துவிட்டால் செத்தவன் எழுந்து வந்துவிடுவான் என்று ஒரு பேச்சு. நாம் வேதக்காரர்கள், இதையெல்லாம் நம்பக் கூடாது என்று மாமா சொல்வார். சொல்லிவிட்டு, அடக்கம் ஆயிட்டுதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வார்.

தைலம்மாளின் படத்தில் இருந்தது யாருடைய கண் என்பது ஜூடித்துக்குத் தெரியாத விஷயமில்லை. அது அவள் அப்பாவின் கண்.

பிறத்தியார் கண்ணை அவள் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. பார்க்காமலே வரையத் தெரிந்தது அந்த ஒரு ஜோடிதான். அப்பா ஞானமுத்து துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. வெளியில் மரியாதைக்காரர், கோயிலில் முன்வரிசைக்காரர். சாயங்காலம் படியேறி வரும்போது, கதவுத் துணிக்குப் பின்னால் நின்று அவர் கண்ணை மட்டும் பார்ப்பாள் ஜூடித். இடது இமை எப்போதும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது இன்னும் இறங்கியிருந்தால் அன்றைக்கு அம்மாவுக்கு அடி. அம்மா செசிலியாவின் வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிப்போனது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான். கண்ணைப் பார்த்துப் பார்த்து, அதன் ஒவ்வொரு மயிரும் ஜூடித்தின் விரலுக்குப் பாடமாகிவிட்டது.

பிறகு ஒரு மழைக்காலத்தில், படகுக்கும் துறைமேடைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அப்பா வழுக்கி விழுந்தார். ஆறு அப்போது வண்டல் நிறத்தில் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. த்வாண்டே கால்வாய் வரைக்கும் படகுவிட்டுத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. காலிப் பாடையை நடுவில் வைத்து சாமியார் பூசை செய்தார். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி கொளுத்த அவர்களுக்கு ஒரு குழி கிடையாது. அதற்காக அம்மா ஒருநாளும் அழுததில்லை.

அதற்குப் பிறகுதான் மொகல் தெருவின் அந்த மாடி அறையில் அவர்கள் இரண்டு பேரும் வாழ ஆரம்பித்தார்கள் என்று சொல்ல வேண்டும். பாத்திரம் கைதவறி விழுந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. அம்மா பகலில் தூங்கினாள். கீழ்வீட்டுப் பர்மியப் பெண் அரைத்துக் கொடுத்த தனக்கா மரப்பட்டைச் சாந்தைக் கன்னத்தில் பூசிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். இது இப்படியே இருக்க வேண்டும். ஜூடித்துக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அந்த அமைதியை யாராவது வந்து திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் மட்டும், எப்போதும், ஒரு ஈரத் துணியைப் போல ஒட்டிக் கிடந்தது.

முசே வெர்தியே என்ற பிரெஞ்சுக்காரர் மாமாவின் கடைக்கு வந்தது மழை விட்டும் விடாமலும் இருந்த புரட்டாசியில். ஸ்பார்க்ஸ் தெருவில் ஒயின் இறக்குமதி செய்கிறவர். பாண்டிச்சேரியில் வெகுகாலம் இருந்ததால் தமிழ் வரும், ஆனால் வேலைக்காரர்களிடம் கற்ற தமிழ் என்பதால் சாமியாரைக்கூட நீ என்றுதான் பேசுவார். ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிப் படங்கள் கொண்டுவந்திருந்தார். மாஜிக் லாந்தரில் வைத்துச் சுவரில் பெரிதாகக் காட்டுகிற படங்கள். எல்லாம் அவர் ஊர்: பிரான்சில் போர்தோவுக்குப் பக்கத்தில், சேந்தெமிலியோன் என்கிற பழைய ஒயின் ஊர். துரைமார்களையும் வியாபாரிகளையும் கூப்பிட்டுக் காட்டப்போகிறார், அதற்கு எல்லாவற்றுக்கும் வர்ணம் ஏற்ற வேண்டும். தாயை அடக்கம் செய்யப் போனபோது எடுத்த படங்கள் என்றும், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அண்ணன் சொல்லிவிட்டான் என்றும், அந்த ஊரில் இப்போது தனக்கு ஒரு பிடி மண் கிடையாது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பார்க்காத ஊருக்கு எப்படி நிறம் கொடுப்பது? அவர் தினமும் வந்து உட்கார்ந்து சொன்னார். கல்லுக்குப் பழைய தந்தத்தின் நிறம். மழையில் நனைந்தால் தேன். ஓடுகள் சுட்ட மண். திராட்சை இலை அக்டோபரில் முதலில் ஓரத்தில் சிவந்து பிறகு முழுக்கப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு ரோஜாச் செடி. ஒயின் என்ன நிறம் என்று அவளாகக் கேட்கமாட்டாள் என்று தெரிந்து, ஒரு புட்டியைத் திறந்து கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தார். நடுவில் கறுப்பு, விளிம்பில் செங்கல். கோப்பையில் ஊறின வாசனை பழமோ மரமோ, அவளுக்குப் பெயர் தெரியவில்லை. அதற்கு அடியில் குகையின் வாசனை ஒன்று இருந்தது.

ஜூடித் அந்த ஊருக்குள் நடந்தாள். சாய்வான பலகையில் கண்ணாடியை வைத்து, கீழேயிருந்து வெளிச்சம் வர, கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டால் சந்து மறைந்துவிடும், மழை மறைந்துவிடும். கோட்டை வாசலில் நுழைந்தாள். உருண்டைக் கற்கள் பாவிய செங்குத்துத் தெருவில் இறங்கினாள். மணிக்கூண்டைச் சுற்றி வந்தாள். மணிக்கூண்டு மேலே தனியாக நிற்கிறது, கோயில் அதற்குக் கீழே, ஒரே பாறைக்குள் குடைந்திருக்கிறது என்று முசே சொன்னதை அவளால் முதலில் நம்ப முடியவில்லை. கும்பிடுகிறவர்களின் தலைமேல் அவ்வளவு பாரமா?

“இந்த ஊர்ல மேல தெரியறது பாதிதான்,” என்றார் அவர். “மீதி கீழ இருக்கு. கல்லை வெட்டி வெட்டி எடுத்தாங்க. வெட்டின குழியில ஒயினை வெச்சாங்க, சாமியை வெச்சாங்க, செத்தவனை வெச்சாங்க. எல்லாத்துக்கும் ஒரே இருட்டு. ஒரே குளிர்.”

கீழே இருப்பதைத்தான் அவள் கடைசியில் எடுத்துக்கொண்டாள். துறவி ஒருவர் வாழ்ந்த குகை, அதில் கல்லில் வெட்டிய படுக்கை, பக்கத்திலேயே ஒரு ஊற்று. பாறைக் கோயிலின் தடித்த தூண்கள். அப்புறம், பிணங்களை வைத்த நிலவறை. அதன் கூரை கிணற்றின் உட்புறம் போல மேலே குறுகிக்கொண்டு போயிற்று. அந்த வளைவில் மூன்று ஆட்கள் செதுக்கப்பட்டிருந்தார்கள். கல் பெட்டியிலிருந்து எழுந்து, கையோடு கை கோத்து நிற்கிறார்கள். கடைசி நாளில் உயிர்த்தெழுகிறவர்கள் என்றார் முசே. முகங்கள் ஈரத்தில் தேய்ந்து, மூக்கும் வாயும் வெறும் மேடுபள்ளமாக ஆகியிருந்தன.

அந்த மத்தியானம் மாமா வெளியே போயிருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிற்று. ஜூடித் கல்லுக்குத் தந்த நிறம் ஏற்றினாள், நிழலுக்குப் பச்சை கலந்த சாம்பல் ஏற்றினாள், வளைவின் விளிம்பில் கொஞ்சம் தேன் தடவினாள், ஒற்றை மயிர்த் தூரிகையைக் கழுவி எடுத்தாள், மழையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கை போன போக்கில் வேலை செய்தாள். செத்த முகத்தைக் கண்டால் அந்தக் கை என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை. நிமிர்ந்து தூரிகையைத் தட்டில் வைத்தபோதுதான் பார்த்தாள். மூன்று பேருக்கும் கண் திறந்திருந்தது. பழுப்பு விழி, நடுவில் கறுப்பு, ஓரத்தில் ஊசிமுனை வெள்ளை. இடது இமை கொஞ்சம் இறக்கம். மண்ணுக்குள் போகிறவர்கள் இல்லை இவர்கள். எழுந்து வெளியே வருகிறவர்கள்.

பஞ்சை நனைத்துத் துடைத்தாள். சாயம் ஊறிவிட்டிருந்தது, போகவில்லை. எள்ளில் பாதி அளவுகூட இல்லாத கண், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று பெட்டியில் வைத்து மூடினாள்.

மறுநாள் கடையைத் திறந்தபோது வழக்கமான மருந்து நெடியும் பசை நாற்றமும் இல்லை. குளிர்ந்த கல்லின் ஈரம். அதற்குள் வேறு ஏதோ, சணல் சாக்கு நனைந்து முடைகிற மாதிரி, ஆற்றுச் சேறு காய்கிற மாதிரி. மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, முசேயின் புட்டி உடைந்துவிட்டதா என்று கேட்டார். புட்டி உடையவில்லை.

குகைப் படத்தைச் சரிபார்க்க எடுத்தாள். ஊற்றுத் தண்ணீரில் இரண்டு கண்கள் இருந்தன.

யாரும் குனிந்து பார்க்கவில்லை, முகம் எதுவும் பிரதிபலிக்கவில்லை, தண்ணீருக்குள் வெறும் கண்கள், அவள் தூரிகையின் அதே மயிர்க்கோடு, அதே ஊசிமுனை வெள்ளை. தான்தான் நேற்று மயக்கத்தில் வரைந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். பாறைக் கோயிலை எடுத்தாள். இரண்டு தூண்களுக்கு நடுவில், ஓர் ஆள் உயரத்தில். அவள் தொடாத இடத்தில். அடுத்து செங்குத்துத் தெரு. நேற்று முன்தினம் அதை முடித்தபோது அந்தக் கதவிடுக்கு வெறும் கறுப்பு. இப்போது கறுப்புக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டை வாசலில் கொஞ்சம் பெரிதாக. திராட்சைத் தோட்டத்தில், பற்றியெரிகிற இலைகளுக்குள், பாதையோரத்தில், இன்னும் பெரிதாக.

நிலவறையிலிருந்து குகைக்கு. கோயிலுக்கு. தெருவுக்கு. வாசலுக்கு. ஊரைவிட்டு வெளியே போகும் பாதைக்கு. படங்களை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு ஜூடித் வெகுநேரம் கையைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமாவிடம் காட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. அதுதான் கொடுமை, தெரியாமல் இருந்தால் தன் புத்திதான் கெட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்திருப்பாள். செத்தவனுக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிப்போயிருக்கிறது என்றார். துரை வீட்டுக் காசு வாங்குகிற வேலையில் இப்படிப் பேய்க்கூத்து ஆடினால் நாளைக்குப் படம் எடுக்க எவன் வருவான் என்றார். யார் கண் என்று அவர் கேட்கவில்லை. தங்கை புருஷனின் முகத்தை அவர் எப்போது நேராகப் பார்த்தார்? அம்மா அடிபட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்த நாட்களில், புத்தி சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர்.

“கத்தியை எடுத்துச் சுரண்டு,” என்றார். “ஒண்ணு விடாம.”

சுரண்டினாள். பேனாக்கத்தியின் முனையால், மேலிருந்த மருந்துப் பூச்சோடு சேர்த்து, அடியில் வெறும் கண்ணாடி தெரிகிற வரைக்கும். பூச்சு தோலைப் போலச் சுருண்டு வந்தது. ஒவ்வொரு கண் எடுக்கும்போதும் அறை கொஞ்சம் குளிர்ந்தது.

மீதி இருந்தது ஒரே படம். காட்சியின் முடிவுக்கென்று மாமாவே ரங்கூன் துறைமேடையில் எடுத்தது. முசேயின் ஒயின் பெட்டிகள் கப்பலிலிருந்து இறங்குகிற காட்சி. அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு. ஜூடித் அதை இண்டு இடுக்கு விடாமல் பார்த்தாள். எதுவும் இல்லை. உடனே மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து மூடி, நான்கு ஓரமும் கறுப்புக் காகிதப் பட்டையை ஒட்டி, பசை காய்கிற வரை கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இனி எதுவும் உள்ளே போக முடியாது.

காலையில் பார்த்தபோது, படகுக்கும் துறைமேடைக்கும் நடுவே இருந்த கறுப்பு இடுக்கில், மூடிய கண்ணாடிக்கு உள்ளே, அவை இருந்தன. துவரம்பருப்பு அளவு. மேலே பார்த்தபடி. இடது இமை நன்றாக இறங்கியிருந்தது.

பட்டையை அறுத்தாள். கத்தியை வைத்தாள். முதல் கீறலில் யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. பக்கத்தில். அவள் நிறுத்தவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டு சுரண்டினாள், கன்னத்தில் தனக்கா பூசின அம்மாவை, பகலில் தூங்குகிற அம்மாவை. கண்ணாடி கீச்சிட்டது. முடிந்ததும் விரல்களைப் பார்த்தாள். நனைந்திருந்தன. முகர்ந்தாள். ஆறு.

காட்சி முசேயின் கடை மாடியில், விளக்கு வைக்கிற நேரத்தில். துரைமார்களும் அவர்கள் பெண்டுகளும் முன்னால், குமாஸ்தாக்களும் கோயில்காரர்களும் பின்னால். மருமகள் வேலையை வந்து பார் என்று மாமா சொல்லியனுப்பியிருந்ததால் அம்மாவும் வந்திருந்தாள். பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலை. கடைசி வரிசையில், லாந்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜூடித்தைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள். போகச்சொல்லிவிடலாமா என்று ஜூடித்துக்கு வாய்வரை வந்தது. வழக்கம்போலக் குனிந்து கண்ணாடிகளை அடுக்கினாள்.

விளக்கை அணைத்தார்கள். ஜூடித் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாமா லாந்தரில் சொருகினார். நிலவறையிலிருந்து மேலேறி வருகிற மாதிரி வரிசைப்படுத்தியிருந்தார் முசே. திரையில் தேன் நிறக் கல் நிறைந்தது. பெண்டுகள் ஆ என்றார்கள். மூன்று ஆட்களின் முகத்திலும் இரண்டிரண்டு வெள்ளைப் புள்ளிகள் பளீரென்று எரிந்தன. பூச்சைச் சுரண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி; வெறும் கண்ணாடியில் வெளிச்சம் தடையில்லாமல் பாயும். கடையில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம். மாமா பல்லைக் கடித்தார். யாரோ மெழுகுவத்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். அங்கே விளக்கு கிடையாது என்று இருட்டில் முசேயின் குரல் கேட்டது, பிரெஞ்சிலும் பிறகு ஏனோ தமிழிலும்.

குகை. இரண்டு புள்ளிகள். கோயில். இரண்டு புள்ளிகள். தெரு. குகையில் அவள் சுரண்டியது கீழ் மூலையில். கோயிலில் நடுவில். தெருவில் இடது ஓரம். திரையில் புள்ளிகள் இடம் மாறவில்லை. ஊர்தான் அவற்றுக்குப் பின்னால் மாறிக்கொண்டிருந்தது. வாசல். தோட்டம். பற்றியெரியும் இலைகள். அதே இடம். அதே உயரம். உட்கார்ந்திருக்கிற பெண் ஒருத்தியைக் குனிந்து பார்க்கிற உயரம்.

துறைமேடை. ஒயின் பெட்டிகள். மாமா அதை ஒரு கணம்தான் வைத்தார். வெடுக்கென்று உருவினார். படமில்லாத வெறும் வெளிச்சம் திரை முழுவதும் வெள்ளையாக விரிந்தது.

அந்த வெள்ளையில் இரண்டு கறுப்புத் துளைகள் நின்றன.

இடது துளை மேலே கொஞ்சம் மூடியிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. மாமா லாந்தரை அணைத்தார். இருட்டில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அம்மாவின் நாற்காலி.

மொகல் தெரு வரைக்கும் தூறலில் நடந்தே வந்தார்கள். கடைகளில் விளக்கு எரிந்தது, ரிக்‌ஷாக்கள் மணியடித்துக்கொண்டு போயின, மொஹிங்கா மீன்சாறு விற்கிறவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குடையை அம்மா தனக்கு மட்டும் பிடித்திருந்தாள். வீட்டு முனை வந்த பிறகுதான் கேட்டாள்.

“அது நீ போட்டதுதானே?”

ஜூடித் தலையசைத்தாள்.

“இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் போட்டே?”

“எல்லாருக்கும்மா.”

அம்மா அவளைப் பார்த்தாள். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கி, கோணல் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். தெரு விளக்கில் தனக்கா கரைந்து அவள் கன்னத்தில் வழிந்தது. ஒவ்வொரு செத்தவனுக்கும், மாதாமாதம், வருஷக்கணக்காக, அவள் நிம்மதியாகத் தூங்கிய அந்தப் பகல்களில் எல்லாம், மகள் உட்கார்ந்து அப்பனைத் திறந்துகொண்டிருந்திருக்கிறாள். பிறகு படியை நோக்கி நடந்தாள்.

மாடிப்படி நனைந்திருந்தது. மேலிருந்து கீழே சொட்டிய ஈரம் இல்லை. கீழிருந்து மேலே போன ஈரம். படிக்குப் படி. சேறு.

அறைக் கதவு திறந்திருந்தது.

விளக்கு இல்லை. ஜன்னல் வழியாகத் தெரு வெளிச்சம். ஜன்னலுக்கு நேராக நாற்காலி. நாற்காலியில் ஒருவர். நேராக. கை இரண்டும் முழங்கால்மேல். கிராணிக் கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. கோட்டு முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு. சொட்டு. குளிர்ந்த கல் வாசனை.

முகம் வெளிச்சத்தில் இருந்தது. மூக்கு ஒரு மேடு. வாய் ஒரு பள்ளம். வெகுகாலம் ஈரத்தில் கிடந்து தேய்ந்த முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் கீறல்கள். குறுக்கும் நெடுக்குமாக, ஆழமாக, அடி தெரிகிற வரைக்கும். பேனாக்கத்திக் கீறல்கள்.

ஜூடித் மூச்சு விட்டாள்.

அந்தச் சத்தத்துக்கு முகம் திரும்பியது. மெதுவாக. தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, அசையாமல், அவள் தூரிகைக்கு வாகாகக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

காத்திருந்தது.

அம்மா வாசற்படியில் நின்றாள். அவரைப் பார்த்தாள். பிறகு ஜூடித்தைப் பார்த்தாள். ஜூடித் முதல்தடவையாக நிமிர்ந்து அம்மாவின் கண்ணைப் பார்த்தாள், அதில் பயத்தைத் தேடினாள், தனக்காக ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். அம்மா கையை நீட்டினாள். முதுகில் பட்ட அந்தக் கை கோணலாக இருந்தாலும் பலமாக இருந்தது. ஜூடித்தின் கால் வாசலைத் தாண்டி உள்ளே விழுந்தது.

கதவு சாத்தப்பட்டது. வெளிப்பக்கத்துச் சங்கிலி கொண்டியில் ஏறியது. ஈரப் படிகளில் அம்மாவின் காலடி, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று.